பியூட்டி பார்லரில் கால் பங்கு

1

இந்த மாசியோடு நான் தில்லிக்கு வந்து முப்பத்தாறு வருஷம் முடிகிறது. சங்கரன்கோவிலில் இருக்கும் என் மைத்துனர் வருஷம் தவறாமல் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புவார். கரும்பும் பானையும் அச்சடித்த பக்கத்தைத் திருப்பினால் வாழ்த்துக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும்: "அத்தான், தில்லியில் சொந்தமாக என்னதான் வாங்கியிருக்கிறீர்கள்?" பதவியில் இருந்தவரை வேலை அதிகம் என்று பதில் போடாமல் தப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாக்கு எடுபடாது.

போன வருஷம் உட்கார்ந்து பதில் எழுதினேன். மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அது போக, முனிர்காவுக்குப் பின்னால் ஒரு மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் பியூட்டி பார்லரில் கால் பங்கு. அட்டையைத் தபாலில் சேர்க்கும் முன் கோமதியிடம் காட்டினேன். கோமதி என் மனைவி; மைத்துனரின் அக்கா.

"இத அனுப்பாதீக. நீங்க அங்க போயி முடி வெட்டுதீகன்னு நெனச்சிருவான்" என்றாள்.

அட்டை போகவில்லை. இந்த வருஷம் பதிலே மாறிவிட்டது. மாறிய விதத்தை அட்டையில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த அறையை வாங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நாங்கள் நான்கு பேர். எல்லோரும் ஒரே அமைச்சகம், கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எதிரும் புதிருமாகக் குடியிருந்தோம். ராமநாதன் சார் தஞ்சாவூர்க்காரர், எங்களில் மூத்தவர், துணைச் செயலாளராக ஓய்வு பெற்றவர். பழனிசாமிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். துரைராஜ் வேலூர். நான்காவது நான். தனித்தனியாக எங்களில் யாராலும் தில்லியில் ஒரு ஜன்னல்கூட வாங்க முடியாது. நாலு பேர் சேர்ந்தால் நாலு சுவர் வரும் என்று ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் ராமநாதன் சார் சொன்னார். வாங்கினோம். யாருக்கு எந்தச் சுவர் என்று கிடையாது. எல்லாச் சுவரிலும் எல்லோருக்கும் கால் பங்கு.

பங்கு எனக்குப் புதிதல்ல. ஊரில் என் தகப்பனாருக்கு ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அதன் கரையில் நின்ற புளியமரத்தில் பதினாறில் ஒரு பங்கும் இருந்தன. கிணற்றில் எட்டு நாளைக்கு ஒரு நாள் எங்கள் முறை. மழை பெய்வதென்றால் அந்த நாள் பார்த்துத்தான் பெய்யும். புளியமரத்தை எந்தத் தேதியில் உலுக்குவது என்று பதினாறு பேரும் ஒத்துப்போகாததால் பழம் தானாக உதிர்ந்து, வழியே போனவர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பத்திரத்தைச் சரியாக எழுதாததுதான் இத்தனைக்கும் காரணம் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

தில்லியில் அந்தத் தவறு நடக்க விடவில்லை. எங்கள் நால்வருக்குள் இருக்க வேண்டிய உடன்படிக்கையை நானே எழுதினேன். பத்தொன்பது ஷரத்து. பங்கை விற்க நினைப்பவர் முதலில் ஒரு கோப்பு திறக்க வேண்டும். அது பணிமூப்பு வரிசையில் மற்ற மூவரிடமும் போக வேண்டும். ஒவ்வொருவரும் தம் கைப்படக் குறிப்பு எழுத வேண்டும். விற்பனைக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் பங்குதாரர்கள் கூட்டாகச் சொத்தை ஆய்வு செய்து அறிக்கை வைத்திருக்க வேண்டும். மூவரில் ஒருவர் மறுத்தாலும் விற்பனை கிடையாது.

ராமநாதன் சார் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ஓட்டையே இல்லை ஓய்" என்றார். இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. ஓட்டையே இல்லாத ஒன்றுக்குள் இருப்பவன் எந்த வழியாக வெளியே வருவான் என்று அன்றைக்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

2

மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது. வீட்டைக் குலுக்கலில் ஒதுக்கியபோது கோமதிக்கு நாற்பது வயது. "காத்து நல்லா வரும்" என்றாள். அறுபதைத் தொடும்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர் எக்ஸ்ரேயைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "சீடி பந்த்" என்றார். படி ஏறுவது இறங்குவது நிறுத்தம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது கோமதி என்னிடம், "அப்ப நான் பந்தா" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் பால்கனியில் இருந்தாள். சப்ஜிவாலாவிடம் கயிற்றில் கூடை இறக்கி மூன்றாம் மாடியிலிருந்தே பேரம் பேசினாள். என் இந்தி அரசாங்க இந்தி. மூன்று பரீட்சை தேறி, அதற்கு இன்கிரிமெண்டும் வாங்கியது. அந்த இந்தியில் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக்கூட இனாமாக வாங்க முடியாது. அவளுடையது காய்கறி வண்டியில் கற்ற இந்தி. கொத்தமல்லியோடு பச்சை மிளகாயும் கூடையில் ஏறி வரும். ஆனால் தீபாவளிக்குப் பிறகு அவள் கால் தரையில் படவே இல்லை. கீழே பார்க்கில் நடக்கும் பெண்களின் பெயரெல்லாம் தெரியும். பக்கத்திலிருந்து முகம் பார்த்ததில்லை.

ஜனவரியில் தரைத்தளத்து கன்னா மேலே ஏறி வந்தார். வங்கியில் இருந்தவர், நல்ல மனிதர். மகனோடு இருக்கச் சண்டிகர் போகிறாராம்.

"பிள்ளை சாப், என் வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பாபிஜி இப்படி மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை" என்றார். பாபிஜி என்றால் அண்ணி. எங்கள் வீட்டுக்கும் அவரே ஒரு ஆள் பார்த்து வைத்திருந்தார். தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் இருந்த விலை வித்தியாசத்துக்கு, பார்லரின் கால் பங்கு சரியாகப் போகும் என்று தோன்றியது. பைசாகி வரை, அதாவது ஏப்ரல் நடுவரை, வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் மகன் விட மாட்டான்.

அவர் இறங்கிப் போனதும் கோமதி என்னைப் பார்த்தாள். "உங்க கோப்பு பைசாகிக்குள்ள வந்து சேருமா?"

"மூன்று மாசம் இருக்கு. தாராளம்."

"முப்பத்தஞ்சு வருசமா உங்க கோப்பப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கூடைக் கயிற்றின் சிக்கை எடுக்கப் போனாள்.

3

முதலில் பங்குக்கு விலை என்ன என்று தெரிய வேண்டுமே என்று மார்க்கெட்டில் ஒரு பிராபர்ட்டி டீலரிடம் போனேன். மேசைமேல் மூன்று தொலைபேசி, மூன்றும் மணியடித்துக்கொண்டிருந்தன.

"நாலில் ஒரு பங்கா? எந்தக் கால்வாசி, சார்? கண்ணாடி இருக்கும் பக்கமா, வாஷ்பேசின் பக்கமா?"

பிரிபடாத பங்கு, எல்லாச் செங்கல்லிலும் எனக்குக் கால் செங்கல் என்று விளக்கினேன். அவர் தம் உதவியாளரைப் பார்த்து, "சாருக்குச் சாய் கொண்டா, முழு கிளாஸாக" என்றார். சாய் முடிவதற்குள் ஒரு விலையும் சொன்னார்.

தில்லியில் சொத்து கைமாறும் முறையையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து முடிப்பது அங்கே. இங்கே பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விற்பனை ஒப்பந்தம் ஒன்று, ரசீது ஒன்று, எல்லா அதிகாரமும் வாங்குபவருக்கே என்று ஒரு பவர் பத்திரம். கொடுத்தவர் செத்தால் பவரும் செத்துப்போகும் என்பதால், கூடவே ஒரு உயில். அதாவது, நேற்றுவரை முகம் தெரியாத ஒருவரை, புத்தி சுவாதீனத்தோடும் பிறர் தூண்டுதல் இன்றியும், என் வாரிசாக நியமிப்பேன். இதைக் கேட்டபோது கோமதி, "நம்ம பூங்கொடி என்ன பாவம் பண்ணினா?" என்றாள்.

பூங்கொடி எங்கள் ஒரே மகள். குர்கானில் இருக்கிறாள். அலுவலகத்தில் அவள் பெயர் பூஜா. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவாள். கோப்பைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா, ஸிம்பிள். அங்கிள் எல்லாரையும் ஒரு நாள் லஞ்சுக்குக் கூப்பிடுங்க. சைன் வாங்குங்க. கதம்."

"பணிமூப்பு வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"அதை யார் எழுதினா?"

நான் ரிசீவரைக் கோமதியிடம் கொடுத்தேன்.

4

கோப்பு திறந்தேன். பழைய காக்கி அட்டை, வெள்ளை நாடா, வலது பக்கம் கடிதங்கள், இடது பக்கம் குறிப்புத் தாள். பொருள்: பங்கு விற்பனைக்கு மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் கோருதல். அவசரம் என்று சிவப்புச் சீட்டு ஒட்டி, பஸ் பிடித்து ஆர்.கே. புரம் போய் ராமநாதன் சாரிடம் நேரில் கொடுத்தேன். அவர் பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். காபி குடித்தேன். கோப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. குறிப்புத் தாளில் பச்சை மையில் ஒரே சொல்: "பேசவும்."

திரும்ப பஸ் பிடித்தேன்.

"பேசவும்னு எழுதியிருக்கீங்க சார்."

"ஆமாம் ஓய். வாரும், பேசலாம்."

"போன தடவை இதே நாற்காலியிலதான் சார் இருந்தேன்."

"அப்ப நான் எழுதலையே. எழுதாம எப்படிப் பேசறது?"

இதில் குற்றம் காண எனக்குத் தகுதியில்லை. அவரிடமிருந்து கற்று, எனக்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேருக்கு நானே "பேசவும்" எழுதியிருக்கிறேன்.

பேசினோம். கோப்பு பழனிசாமியிடம் போனது. அவர் அரைப் பக்கம் எழுதினார்: விற்பவர் தரைத்தளம் வாங்குவதே நோக்கம் எனில், முழங்கால் குறித்த மருத்துவச் சான்றின் நகலை இணைக்கலாம். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"பழனிசாமி, கோமதி கால் உங்களுக்குத் தெரியாதா? போன மாசம்தானே வந்து பாத்தீங்க."

"தெரியுமுங்க. எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்ணறது? கோப்புக்குத் தெரியோணுமல்லங்க."

எக்ஸ்ரேயை இணைத்தேன். கோப்பு தடித்தது.

மூன்றாமவரான துரைராஜ் காலமாகி மூன்று வருஷம். அவர் பங்கு மகன் விவேக்குக்கு வந்திருந்தது. விவேக் தில்லியிலேயே பிறந்து, வளர்ந்து, இப்போது நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்கே வந்து கோப்பை வாங்கி, புரட்டி, எக்ஸ்ரேயைப் பார்த்து, "அரே, ஆன்ட்டியோடதா?" என்றான். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. குறிப்புத் தாள் வெற்றாக இருந்தது. அட்டையின் மேல் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு, அதில் ஆங்கிலத்தில், அங்கிள், என் பக்கம் ஓகே, கீழே சிரிக்கிற முகம்.

ராமநாதன் சார் அந்தச் சீட்டைச் சுண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது பிச்சா வந்துடறது. வந்துடற ஒப்புதல் ஒப்புதலே இல்லை. அந்த மூஞ்சி யாரோடது?"

அப்புறம் அவர் ஏழாம் ஷரத்தைப் பிரித்து என் முன் வைத்தார். நானே எழுதிய ஷரத்து. கடைசிக் கூட்டு ஆய்வு நடந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அறையில் முன்பு டைப்ரைட்டிங் பள்ளி இருந்தவரை ஒவ்வொரு ஜனவரியும் நால்வரும் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, கீழே சமோசா சாப்பிட்டுவிட்டு வருவோம். பார்லர் வந்த பிறகு ஆய்வு நின்று, ஜனவரிச் சமோசா மட்டும் மிஞ்சியது. காரணம் கதவில் எழுதியிருந்தது: பெண்களுக்கு மட்டும்.

அப்போது மார்ச் பிறந்திருந்தது.

5

விதி விதிதான் என்று ராமநாதன் சாரும் பழனிசாமியும் நானும் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். விவேக்குக்கு அலுவலகம். முதல் மாடியில் கண்ணாடிக் கதவு, உள்பக்கம் திரை. திரையின் இடுக்கில் ஒரு பெண் தலை நீட்டினாள். உதவிக்கு இருப்பவள் போலும், கையில் புருவம் திருத்தும் நூல் சுற்றியிருந்தாள். எங்களில் இந்தி பரீட்சை தேறியவன் நான் என்பதால் நான் முன்னே போனேன். இந்தச் சொத்தை ஆய்வு செய்வதற்கான அனுமதியைத் தயைகூர்ந்து வழங்க வேண்டும் என்று, கிருபயா, நிரீக்ஷண், பிரதான் எல்லாம் சேர்த்து, ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூவினாள்: "மேடம், டிவியில செய்தி வாசிக்கிறவங்க வந்திருக்காங்க."

மிஸஸ் சாவ்லா வந்தார். அறையின் வாடகைதாரர். கையில் சாவிக்கொத்து, தலைமுடியில் மருதாணிப் பசை. நாங்கள் சொத்தின் உரிமையாளர்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மாதாமாதம் காசோலை அனுப்புகிறவர்.

"பாய்சாப், உள்ளே நாலு பேர் ஃபேஷியல் போட்டுப் படுத்திருக்காங்க. நீங்க மூணு பேர் கோட்டோட வந்து நின்னா நாளைக்கு என் கடையைப் பூட்டணும். பார்க்கணும்னா வீட்டு அம்மாக்களை அனுப்புங்க."

கதவு மூடியது. நால்வருக்குச் சொந்தமான அறையின் வெளியே மூன்று பேர் நின்றோம்.

"நம்ம எடமுங்க இது" என்றார் பழனிசாமி.

"முக்கால்வாசி" என்றார் ராமநாதன் சார். "விவேக் வரலையே."

மனைவிகளை அதிகாரம் பெற்ற பிரதிநிதிகளாக அனுப்பலாமா? ஏழாம் ஷரத்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அனுமதியாகக் கொள்வதா, தடையாகக் கொள்வதா என்று ராமநாதன் சார் நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் அனுமதி என்று எழுதினார். உண்மையில் அவர் மனைவி அலமேலு மாமிதான் தீர்மானித்தாள் என்று பின்னால் தெரிந்தது. "உங்க ஷரத்து கிடக்கட்டும். நான் போய்ப் பார்த்துட்டு வரேன், உள்ள அப்படி என்னதான் பண்றான்னு" என்றாளாம்.

நான் பதினான்கு இனங்கள் கொண்ட ஆய்வுப் படிவம் தட்டச்சுச் செய்தேன். கோமதிக்கு விலக்கு கோரலாம், மருத்துவச் சான்று ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது என்று சொன்னேன்.

"எதுக்கு விலக்கு? நான் வாரேன்."

"ஐம்பத்து நாலு படி."

"எண்ணிப் பாக்காம இருந்தா ஐம்பத்து நாலு இல்ல."

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலையில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் ஊன்றி, ஒரு கை கம்பியிலும் ஒரு கை என் தோளிலுமாக. இருபத்தைந்து நிமிஷம். வழியில் இரண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்து, "ஆன்ட்டி" என்று ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி கட்டிக்கொண்டாள். மார்க்கெட்டில் மறுபடி இருபது படி மேலே. பழனிசாமியின் மனைவி ருக்மணியும் அலமேலு மாமியும் ஆளுக்கு ஒரு கை பிடித்தார்கள். விவேக்கின் மனைவி நேஹா முன்னே போய்க் கதவைத் தட்டினாள். அவள் அந்தப் பார்லரின் பழைய வாடிக்கையாளர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் கணவன் அதில் கால் பங்குக்கு உரிமையாளன் என்பது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே சோலே படூரா கடை பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தோம். ஆய்வு அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆனது. இறங்கி வந்தபோது நான்கு பேரின் முகமும் வெளுத்து மின்னியது. அலமேலு மாமியின் புருவம் இரண்டும் வில் மாதிரி இருந்தன. ராமநாதன் சார் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி கோப்பைத் திறந்தார்.

பதினான்கு இனங்களும் வெற்றாக இருந்தன. படிவத்தின் பின்பக்கத்தில் கோமதியின் கையெழுத்து: "சுவரு நல்லா இருக்கு. ஃபேன் மூணு. தண்ணி வருது. சாவ்லா அம்மா நல்ல மாதிரி. நம்ம பங்க அவளே எடுத்துக்கிடுதாளாம். வெலையும் பேசியாச்சு."

அவள் பேசியிருந்த விலை டீலர் சொன்னதைவிடக் கூடுதல். கூடை இறக்காமலே பேசியிருக்கிறாள்.

6

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ராமநாதன் சார் பேனா மூடியைக் கழற்றி எழுதினார்: "வாடகைதாரரே பங்குதாரர் ஆனால் வாடகையில் கால்வாசியைத் தமக்குத் தாமே செலுத்த நேரும். அதற்கு ரசீது யார் தருவது? முன்னுதாரணம் இல்லை. பேசவும்."

கன்னா வண்டி சொல்லியிருந்தது பதிமூன்றாம் தேதிக்கு. எட்டு நாள் இருந்தது.

ஆட்டோவில் திரும்பி, கட்டட வாசலில் இறங்கினோம். நான் படியருகே போய்த் தோளைக் காட்டி நின்றேன். அவள் வரவில்லை.

"வா. மெதுவா ஏறலாம்."

"நான் ஏற மாட்டேன்."

"கொஞ்சம் உக்காந்துட்டு ஏறலாம்."

"இன்னைக்கின்னு இல்ல. இனிமே ஏறவே மாட்டேன்." அவள் திரும்பிக் கன்னா வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். மிஸஸ் கன்னா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். கோமதி அவளிடம் தன் காய்கறி இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னாள். மிஸஸ் கன்னா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், மூட்டை கட்டி வைத்திருந்த மெத்தை ஒன்றை அவிழ்த்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். "எந்த அடிப்படையில இங்க இருப்பே? வாங்கவும் இல்ல, வாடகைக்கும் எடுக்கல."

"உக்காந்திருக்கேம்லா. அதுதான் அடிப்படை."

கன்னா என் தோளைத் தட்டி, "பிள்ளை சாப், வீட்டின் கப்ஜா போய்விட்டது" என்று சிரித்தார். கப்ஜா என்றால் சொத்தை ஆக்கிரமித்துக் கைப்பற்றுவது. தில்லியில் இதற்காக வருஷக்கணக்கில் கோர்ட்டில் வழக்கு நடக்கும். என் வீட்டில் அரை நிமிஷத்தில் நடந்தது.

மூன்று நாள். நான் மேலே, அவள் கீழே. மாத்திரை, சேலை, பூஜைப் படம் என்று ஒவ்வொன்றாக நான் இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் என் முழங்காலும் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. மாலையில் பார்க்குப் பெண்கள் ஆறு பேர் கன்னா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கோமதியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே என் வீட்டில் நானும் கோப்பும்.

நான்காம் நாள் காலையில் ராமநாதன் சார் தாமாகவே வந்தார். அலமேலு மாமி அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை. கோட்டுப் போட்டிருந்தார். கன்னா வீட்டுச் சோபா முந்தின நாளே கட்டுக்குள் போய்விட்டதால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கோமதி கன்னாவின் அடுப்பில் காபி போட்டு எடுத்து வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. எத்தன படி ஏறி வந்தீக?"

அவர் யோசித்தார். "படியே ஏறலையேம்மா. நேரா வந்துட்டேன்."

"அதான்" என்றாள் கோமதி.

அவர் காபியை ஆற்றினார். வெகு நேரம் ஆற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபத்தோடு சொன்னார்: "நீர் பங்கை வித்துட்டுப் போயிடறீர். நாளைக்குப் பழனிசாமி விப்பார். அந்தப் பொடியன் விப்பான். அப்புறம் ஜனவரி வந்தா நான் கோட்டு போட்டுண்டு யாரோட எங்க போறது?"

இருபத்தைந்து வருஷம் அவருடைய குறிப்புகளைப் படித்திருக்கிறேன். முன்னுதாரணம் இல்லை என்ற இரண்டு சொல்லுக்குள் இதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கோமதிதான் பதில் சொன்னாள். "இங்கன வாங்க அண்ணாச்சி. சுவரத் தட்டிப் பாக்கணும்னா இதத் தட்டிப் பாருங்க. சமோசா நான் போடுதேன்."

அவர் பேனாவை எடுத்தார். பச்சை மையில் எழுதினார்: "ஒப்புதல் அளிக்கப்படுகிறது. இது தனி நேர்வு. முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது." தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். பழனிசாமி அன்று மாலையே வந்து, எக்ஸ்ரேயைத் திருப்பித் தந்துவிடலாமா என்று ஒரு துணைக் கேள்வி எழுதி, கையெழுத்துப் போட்டார். விவேக்கைக் குறிப்புத் தாளிலேயே எழுத வைத்தேன். சிரிக்கிற முகத்தை அங்கேயும் போட்டான். ராமநாதன் சாருக்கு நான் அதைக் காட்டவில்லை.

7

மிஸஸ் சாவ்லாவுக்கு ஒப்பந்தமும் ரசீதும் பவரும் எழுதிக் கொடுத்தேன். உயிலும் எழுதினேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பூங்கொடி உயிலைப் படித்துவிட்டு, "அப்பா, என் பேரு எங்க?" என்றாள். பார்லரில் உனக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி வாங்கித் தந்திருக்கிறேன் என்றேன்.

கன்னா வீட்டுப் பத்திரங்களை எழுத உட்கார்ந்தபோது, இருவர் பெயரிலும் சரிபாதி என்று வழக்கம்போல் வரைவு தயாரித்துக் கோமதியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பாதியிலேயே கை காட்டினாள்.

"பங்கு கிங்கெல்லாம் வேண்டாம். எனக்கு முழுசா வேணும்."

"அப்ப நான்?"

"நீங்க இருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அப்படியே எழுதினேன். வரைவில் ஒரு பக்கம் குறைந்தது. பிற்பாடு குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உரிமையாளரா, வாடகைதாரரா என்று ஒரு கட்டம். இரண்டும் இல்லாதவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் "உரிமையாளரின் அனுமதியோடு" என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

கன்னா பதிமூன்றாம் தேதி கிளம்பினார். மறுநாள் தமிழ் வருஷப் பிறப்பு. பாயசம் வைக்க வேண்டும், பால் வாங்கிவிட்டு வருகிறேன் என்று பூத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. கூடத்தில் இல்லை, படுக்கையறையில் இல்லை. பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையிலும் இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் கோமதி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்த நேரம் இல்லை. கடைசி இரண்டு வருஷம் சொல்லவே வேண்டாம். எதிர் வீட்டில் கேட்டேன், பார்க்கில் பார்த்தேன். பாலைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெருக் கோடியில் தெரிந்தாள். மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. கையில் பை இல்லை. எதுவும் வாங்கியிருக்கவில்லை.

"எங்க போனே?"

"எங்கயும் இல்ல" என்றாள். "போனேன், வந்தேன்." என்னைத் தாண்டி உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, பாலைக் கேட்டாள்.